கடைசியாக என்ன ஓடியது

“என் மடலை எதுக்கு டீச்சர் நிறுத்தி வச்சிருக்கீங்க?”

சவரிராயன் வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சவரிராயன் இன்னும் உரக்கக் கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் பார்க்கவில்லை.

கோதுமை முழுக்க இறங்கியதும் மிஷின் நின்றது.

“முதல் தடவையே கேட்டுச்சு அண்ணாச்சி. கோதுமையைப் பாதியில நிறுத்தக் கூடாது. அதான்.”

“எனக்குப் பதில் வேணும்.”

“உட்காருங்க. இன்னும் நாலு டப்பா இருக்கு.”

உட்காருவதற்கு ஒரு சாக்குதான் இருந்தது. சவரிராயன் அதில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் மாவு படிந்தது.

டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. பெயர் இசக்கியம்மாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணினிப் பதிவு வேலை பார்த்தார். பிள்ளை பிறந்ததும் வீட்டுக்காரரோடு மில்லுக்கு வந்துவிட்டார். ஆனால் ‘குளிர்காவல்’ மின்மடல் குழுவை நடத்துவதை மட்டும் விடவில்லை.

குளிர்காவல் என்பது தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டிக்குக் காவல் இருக்கும் ஒரு கணினி நிரல். பெட்டிக்குள் சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் கணினி மணி அடிக்கும். விலை கிடையாது. வாணியம்பாடியில் வாஹித் என்கிற பாலிடெக்னிக் வாத்தியார், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதியது. அதை வைத்திருக்கிற சுகாதார நிலையங்களில் இருந்து நூற்று நாற்பது பேர் குழுவில் இருந்தார்கள். ஒருவர் எழுதினால் நூற்று நாற்பது பேருக்கும் போகும்; நடத்துகிறவர் நினைத்தால் நிறுத்தி வைக்கலாம். புதிதாக வருகிறவருக்கு எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் எழுதுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, இசக்கியம்மாள் டீச்சர் ஆகிவிட்டார்.

சவரிராயனுக்கு வயது ஐம்பத்துநாலு. கீழ்மருதங்குளம் சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். குளிர்பெட்டியும் கணினியும் அவர் பொறுப்பு. ஆறு வருஷமாகக் குழுவில் இருக்கிறார். பாதிப் பேருக்கு அவர்தான் போனிலேயே வழி சொல்லி நிறுவிக் கொடுத்திருக்கிறார்.

நாலு டப்பாவும் முடிந்தது. பெண்கள் போனார்கள். டீச்சர் முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

“இப்போ சொல்லுங்க.”

“நீங்க சொல்லுங்க. என் மடலை ஏன் நிறுத்துனீங்க?”

“முதல் மடலை நிறுத்தலையே. அது நூத்தி நாப்பது பேருக்கும் போச்சுல்லா. பின்னாடி வந்த நாலுதான் என்கிட்ட இருக்கு.”

“நாலும் அதே மடல்தான்.”

“அப்போ போனது போதும்லா.”

சவரிராயன் சட்டையைத் தட்டிக்கொண்டார். மாவு போகவில்லை, பரவியது.

“டீச்சர், விஷயம் தெரியாமப் பேசாதீங்க. சனிக்கிழமை மத்தியானம் எங்க ஊர்ல கரண்டு போச்சு. பெட்டி பதினொரு டிகிரிக்கு ஏறிட்டு. கணினி பேட்டரியில ஓடிட்டுத்தான் இருந்துச்சு. மணி அடிக்கலை. சிஸ்டர் ஜெபராணி பஞ்சு எடுக்கப் போனவ தற்செயலாப் பாத்தா. உடனே மருந்தை எல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாத்தினோம். நல்லவேளை, ஒண்ணும் கெடலை.”

“கடவுள் காப்பாத்துனாரு.”

“டாக்டர் காப்பாத்த மாட்டாரு. புதன்கிழமைக்குள்ள மணி அடிக்கலைன்னா மருந்து பூரா தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போயிரும்னுட்டாரு. புதன்கிழமை ஊசி நாள். முப்பத்தெட்டுக் குழந்தை. அத்தனை தாயும் பிள்ளையைத் தூக்கிட்டு இருபத்திரண்டு கிலோமீட்டர் பஸ்ல போகணும். பாதிப் பேரு போக மாட்டாக. உங்களுக்கே தெரியும்.”

டீச்சருக்குத் தெரியும்.

“அதான் எழுதினேன். தெரியாதவன் எழுதுன நிரலை நம்பினதுக்கு இதுதான் பலன்னு. தப்பா?”

“மடல்ல பதினோரு வரி இருந்துச்சு. பத்து வரி வாஹித் சாரைப் பத்தி. ஒரு வரி மணி அடிக்கலைன்னு. கணினி என்ன சொல்லுச்சுன்னு ஒண்ணும் இல்லையே.”

“கணினி ஒண்ணும் சொல்லலை. அதானே பிரச்சினையே.”

“நீங்க அதுகிட்ட என்ன சொல்லி வச்சிருந்தீங்க?”

“நான் எதையும் தொடலை.”

டீச்சர் மடியில் இருந்த போனை எடுத்து ஒரு மடலைக் காட்டினார். காலையில் வந்தது. வாஹித் எழுதியிருந்தார். இரண்டே வரி.

‘குளிர்காவலை இனி வேறு யாராவது எடுத்து நடத்துங்கள். நான் விலகிக்கொள்கிறேன்.’

சவரிராயன் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“போகட்டும். நல்லா எழுதத் தெரிஞ்சவங்க வரட்டும்.”

“சரி.”

“என்ன சரி?”

“பிள்ளையை அங்கன்வாடியில இருந்து கூட்டிட்டு வரணும். அவரு இன்னைக்குச் சந்தைக்குப் போயிருக்காரு. ஒரு அரைமணி நேரம் மில்லைப் பாத்துக்கிடுதீங்களா அண்ணாச்சி? வெள்ளை சுவிட்சு போட்டா ஓடும். சிவப்பு அமுக்குனா நிக்கும். கடைசியா அரிசி ஓடியிருக்கு. அரிசி, கேப்பை, சத்துமாவு எது வந்தாலும் ஓட்டிக் கொடுங்க.”

“நான் மருந்தாளுநர் டீச்சர்.”

“அளந்து கொட்டத் தெரிஞ்சவருன்னுதான் கேக்கேன்.”

டீச்சர் துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

*

மில்லில் இருந்தது ஒரே மிஷின். சுவரில் ஒரு பலகை தொங்கியது. ‘மிளகாய், மல்லி, மஞ்சள்: மாலை நான்கு மணிக்கு மேல் மட்டும்.’

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் ஓடி வந்தார். பஸ் நிலையத்து ஓட்டலில் சமையல் வேலை. பெயர் மாசானம். தோளில் ஒரு பை.

“அண்ணாச்சி, ரெண்டு கிலோ மிளகாய் வத்தல். சட்டுனு ஓட்டித் தாங்க.”

சவரிராயன் பலகையைக் காட்டினார்.

“அது தினப்படி வாரவுகளுக்கு அண்ணாச்சி. எனக்கு அவசரம். மூணு மணிக்கு நாப்பது பேரு பந்திக்கு வாராக. குழம்புல போட ஒரு பொட்டு தூள் இல்ல. முதலாளி என்னைத்தான் கொதிக்க வைப்பாரு.”

சவரிராயன் யோசித்தார். பாவமாக இருந்தது. யாரும் வரிசையில் இல்லை. இரண்டு கிலோதான். பலகை போட்டவரும் இந்த நேரம் இங்கே இருந்திருந்தால் ஓட்டித்தான் கொடுத்திருப்பார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

வெள்ளை சுவிட்சைப் போட்டார்.

தும்மலும் கண்ணீருமாக இரண்டு கிலோ முடிந்தது. மாசானம் அவரை மகராசனாக இருக்கும்படி வாழ்த்திவிட்டு ஓடினார். சவரிராயன் வெளியே குழாயில் முகம் கழுவினார். நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது.

அடுத்து வந்தது முப்பிடாதி. இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை, கையில் எவர்சில்வர் டப்பா. பின்னாலேயே மூன்று பெண்கள் அரிசியோடு வந்து நின்றார்கள்.

“டீச்சர் இல்லையா?”

“வந்துருவாக. என்னம்மா?”

“சத்துமாவு. கேப்பை, பாசிப்பயறு, பொரிகடலை. வறுத்துக் கொண்டாந்திருக்கேன். பிள்ளைக்கு இன்னைக்குத்தான் முதமுதலாக் கொடுக்கப் போறேன்.”

“கொண்டா.”

முப்பிடாதி டப்பாவைக் கொடுக்கவில்லை.

“கடைசியா என்ன ஓடுச்சு?”

அந்த ஊரில் மில்லுக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. முந்தின நாள் மிளகாயின் நெடி மில்லுக்குள் எப்போதும் இருக்கும். அதனால் மூக்கை நம்பி ஆகாது. வாய் விட்டுத்தான் கேட்க வேண்டும். ஓட்டுகிறவர் வாய் விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சவரிராயன் சொன்னார். “அரிசிதான்.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. டீச்சர் அரிசி என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். பலகையின்படியும் இந்த நேரத்துக்கு அரிசிதான் ஓடியிருக்க வேண்டும். மிளகாய் கணக்கில் வராத ஒன்று. அது அவசரத்துக்கு ஓடியது.

முப்பிடாதி டப்பாவைக் கொடுத்தாள்.

சவரிராயன் மூடியைத் திறந்து மிஷின் வாய்க்கு மேலே பிடித்தார். வறுத்த பயறு மணத்தது. பிள்ளை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. சோறு வருகிறது என்று நினைத்ததோ என்னவோ, வாயைத் திறந்தது. கீழே இரண்டு பல் முளைத்திருந்தன.

டப்பா சாயவில்லை.

“என்ன அண்ணாச்சி?”

“இரும்மா. அரிசி இல்ல. மிளகாய்.”

“என்னது?”

“வத்தல். ரெண்டு கிலோ.”

“இப்பத்தான அரிசின்னீங்க.”

“ஆமா.”

“பகல்ல யாரு மிளகாய் ஓட்டுனது?”

“நான்தான்.”

முப்பிடாதி டப்பாவை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள், அதற்குள் எதுவோ போய்விட்ட மாதிரி. திட்டுவதற்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

“பலகை எதுக்குத் தொங்குது? காத்துக்கு ஆடவா?”

“படிச்ச மனுஷன் மாதிரித் தெரியுது.”

“படிச்சவருதான். கண்ணைப் பாரு, நல்லாச் செவந்திருக்கு.”

டீச்சர் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மிஷினைப் பார்த்தார். சவரிராயனைப் பார்த்தார்.

“என்ன ஓடுச்சு?”

“மிளகாய்.”

“எவ்வளவு?”

“ரெண்டு கிலோ.”

“பிரஷ் அந்த ஆணியில தொங்குது அண்ணாச்சி. நாலு போல்ட்டையும் கழத்தணும்.”

அவ்வளவுதான் சொன்னார்.

*

கல்லைக் கழற்றி, பிரஷ் போட்டு, துணியால் துடைக்க நேரம் பிடித்தது. பெண்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சவரிராயனின் ஊர், வேலை, பிள்ளைகள் எல்லாவற்றையும் டீச்சரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அவர் காதுபடவே பேசினார்கள்.

சவரிராயன் தும்மினார். பிரஷ் போட்டார். மறுபடி தும்மினார்.

திடீரென்று பிரஷ் நின்றது.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“கணினிகிட்ட இப்படிக் கேக்க முடியுமா? கடைசியா என்ன ஓடுச்சுன்னு?”

“முடியும். யாரு ஓட்டுனதுன்னும் சொல்லும்.”

சவரிராயன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போன் போட்டார். கையில் மிளகாய் இருந்ததால் போனைக் காதில் வைக்கப் பயந்து, ஸ்பீக்கரில் போட்டுச் சாக்கின் மேல் வைத்தார். அந்தப் பக்கம் சிஸ்டர் ஜெபராணி எடுத்தார்.

டீச்சர் ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஜெபராணி தட்டினார்.

“வந்துட்டு சார். வாசிக்கவா?”

“வாசி.”

“குளிர்காவல் கேக்குத திரை பேக்கேஜ், வெர்ஷன் நாலு. கொடுத்தது, வெர்ஷன் மூணு. காரணம், ஓவர்ரைடு கோப்பு.”

சவரிராயன் போனை நோக்கிக் குனிந்தார்.

“அப்படின்னா என்ன சார்?”

டீச்சர் பதில் சொன்னார். “திரையில எண்ணைக் காட்டுற பேக்கேஜ்ல எனக்கு நாலாவது வெர்ஷன் வேணும்னு குளிர்காவல் கேட்டிருக்கு சிஸ்டர். கணினி மூணைக் கையில கொடுத்துட்டு, இதுதான் நாலுன்னு சொல்லியிருக்கு. அப்படிச் சொல்லச் சொல்லி யாரோ உத்தரவு போட்டிருக்காங்க. மணி அடிக்கிற வேலையும் இப்போ நாலுலதான் இருக்கு. மூணுல கிடையாது.”

“யாரு உத்தரவு போட்டது?”

“கோப்பைத் திறந்து பாருங்க. அதுலேயே இருக்கும்.”

கொஞ்ச நேரம் போனில் விசைகள் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. வேப்ப மரத்தடியில் பேச்சு நின்றுவிட்டது.

“இருக்கு சார். ரெண்டு வருஷம் முன்னாடி. ‘எண் பொடியாகத் தெரிகிறது. அதனால் திரை பேக்கேஜ் மூன்றிலேயே நிற்கட்டும், வெர்ஷன் பார்க்க வேண்டாம். தற்காலிகம். அடுத்த வாரம் எடுத்துவிட வேண்டும். சவரி.’”

ஜெபராணி நிறுத்தினார்.

“சவரின்னா நீங்கதான சார்?”

“வேற யாரு இருக்கா அங்க.”

“இல்ல, எந்த அடுத்த வாரம்னு கேக்கலாம்னு பாத்தேன்.”

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள்.

சவரிராயனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அவர் மேசை குளிர்பெட்டியில் இருந்து தள்ளி, எதிர்ச் சுவரில். மருந்து கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் திரையில் டிகிரி தெரிய வேண்டும். நாலாவது வெர்ஷன் வந்தபோது எண் சின்னதாகிப்போனது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றுக்கே திரும்பிவிட்டார். கணினி ஆகாது என்றது. ஆகும் என்று உத்தரவு போட்டார். ஐந்து நிமிஷ வேலை.

“அந்த வரியை அழிச்சிரு சிஸ்டர்.”

டீச்சர் வழி சொல்லச் சொல்ல ஜெபராணி செய்தார். நாலு இறங்கியது. பெட்டிக்குள் இருந்த சூடு அளக்கிற கம்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளச் சொன்னார் டீச்சர்.

ஒரு நிமிஷம் போனது.

போனுக்குள் மணி அடித்தது. சாக்கின் மேல் இருந்த போன் அதிர்ந்து நகர்ந்தது. முப்பிடாதியின் பிள்ளை முழித்துப் பார்த்தது.

“அடிக்குது சார்.”

“கேக்குது.”

“ஆனா எண்ணு கடுகு மாதிரி இருக்கு. உங்க மேசையில இருந்து சத்தியமாத் தெரியாது.”

“இருக்கட்டும். எந்திரிச்சுப் போயிப் பாத்துக்கிடுதேன்.”

போனை வைத்தார். புதன்கிழமை பிழைத்தது. முப்பத்தெட்டுக் குழந்தைக்கும் அங்கேயே ஊசி. டாக்டரிடம் சரிசெய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போல்ட்டை எல்லாம் முடுக்கினார். டீச்சர் ஒரு படி நொய்யரிசியை ஓட்டி, வந்த மாவைக் கோழிக்குக்கூட ஆகாது என்று குப்பையில் கொட்டினார். இன்னொரு படி ஓட்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகுதான் முப்பிடாதியின் டப்பா திறந்தது.

*

“அப்போ நான் கிளம்புதேன் டீச்சர். ரெண்டரை பஸ் இருக்கு.”

“சரி அண்ணாச்சி.”

“அந்த நாலு மடலையும் அழிச்சுப் போட்டுருங்க.”

“போட்டுடுதேன்.”

“குழுவுக்கு வேற ஒண்ணும் எழுத வேண்டாம்லா? எங்க கணினி. எங்க தப்பு. சரியாயிட்டு.”

“அது உங்க இஷ்டம்.”

சவரிராயன் இரண்டு எட்டு வைத்தார். நின்றார்.

டீச்சர் சத்துமாவைத் தட்டித் தட்டி டப்பாவில் அடைத்துக்கொண்டே கேட்டார். “ஆமா, குழுவுல ஐம்பது தாண்டினவுக எத்தனை பேரு இருப்பாக?”

“பாதிக்கு மேல இருப்பாக. எதுக்கு?”

“சும்மா கேட்டேன். நான் இன்னும் கண்ணாடி போடலை. எண்ணு பெருசா சின்னதான்னு எனக்கு வித்தியாசமே தெரியலை.”

சவரிராயன் வாசலில் அப்படியே நின்றார்.

பஸ் வருகிற சத்தம் கேட்டது. நின்றது. போனது. அவர் போகவில்லை.

“டீச்சர், சங்குமுத்து கேட்டான். நீங்க எப்படி அண்ணே பெருசாக்குனீங்கன்னு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். போன்ல. இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் சொன்னேன்.”

“அவுக எத்தனை பேருக்குச் சொன்னாகளோ.”

“தெரியாது.”

சாக்கில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார். எழுதினார். டீச்சரிடம் காட்டினார்.

‘சில இடங்களில், சில காரணங்களால், பழைய பேக்கேஜ் இருந்திருக்க வாய்ப்பு உண்டு.’

“எந்த இடம்?”

“நம்ம இடம்தான்.”

“அதுக்கு ஊர் பேரு இருக்குல்லா?”

எழுதினார்.

“என்ன காரணம்?”

“எனக்குக் கண்ணு தெரியலை.”

“அதை எழுதுங்க.”

“நூத்தி நாப்பது பேருக்குமா?”

டீச்சர் வரிசைப் பக்கம் திரும்பினார். அடுத்த டப்பாவை வாங்கினார். “கடைசியா என்ன ஓடுச்சு?” என்று அந்தப் பெண் கேட்டாள். “சத்துமாவு,” என்றார். மிஷின் ஓடியது.

சவரிராயன் முதலில் எழுதியதை அழித்தார். தலைப்பில் அவசரம் என்று போட்டு, பழக்கத்தில் ஐந்து ஆச்சரியக்குறி வைத்தார். அதையும் அழித்தார். அரிசி முடிகிற வரைக்கும் எழுதினார்.

தலைப்பு: திரை பேக்கேஜ் 3 இருந்தால் மணி அடிக்காது.

‘கீழ்மருதங்குளத்தில் சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. குற்றம் வாஹித் மேல் இல்லை. திரையில் எண் சிறிதாகி, என் மேசையில் இருந்து எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு வருஷம் முன்பு பேக்கேஜை மூன்றிலேயே நிறுத்தி, கணினி அதைக் கேள்வி கேட்காதபடி உத்தரவும் போட்டேன். மாற்றியது நான். குழுவில் சொல்லவில்லை. அதையே சிலருக்குச் சொல்லியும் கொடுத்தேன். கீழே உள்ள கட்டளையைத் தட்டிப் பாருங்கள். மூன்று என்று வந்தால், தயவுசெய்து இப்போதே பெட்டியின் டிகிரியை நேரில் போய்ப் பாருங்கள். வாஹித் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியது தவறு. சவரிராயன்.’

“அனுப்பவா?”

“என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? உங்க மடலை இப்போ யாரும் நிறுத்தி வைக்கலை.”

அனுப்பினார்.

கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. டீச்சர் மகள் வந்து அவர் சட்டையில் இருந்த மாவில் விரலால் ஒரு கோடு போட்டாள். அவர் தடுக்கவில்லை. இன்னொரு கோடு போட்டாள்.

போன் அசைந்தது.

‘எங்களுக்கும் மூன்று. மாற்றிவிட்டேன். சங்குமுத்து.’

பிறகு இன்னொன்று.

‘இங்கும் மூன்றுதான். முன்பு இருந்தவர் செய்திருக்கிறார். எனக்கு இன்றுதான் தெரிந்தது.’

பிறகு வரிசையாக வந்தன. சிலர் நன்றி எழுதினார்கள். ஒருவர், ‘நானும் கண்ணுக்காகத்தான் செய்தேன், வெட்கப்பட்டுச் சொல்லவில்லை’ என்று எழுதினார். சவரிராயன் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். டீச்சர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பதினோராவது மடல் மலை மேலே இருக்கிற ஒரு நிலையத்தில் இருந்து வந்தது.

‘இப்போது போய்ப் பார்த்தேன். பெட்டி பதினாலு டிகிரியில் இருந்தது. மணி அடிக்கவில்லை. காலையில் இருந்து இங்கே கரண்டு இல்லை. மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டோம். எது ஆகும், எது ஆகாது என்று சிஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் தப்பித்தது என்கிறார்.’

சவரிராயன் அதை ஒரு தடவை சத்தமாக வாசித்தார். இன்னொரு தடவை மனதுக்குள் வாசித்தார். பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“மூணே முக்கால் பஸ் இருக்கு அண்ணாச்சி.”

“வாஹித் ஒண்ணும் எழுதலையே டீச்சர்.”

“எழுதணும்னு கட்டாயம் இல்லைல்லா.”

“இல்லை.”

தண்ணீரைக் குடித்தார். எழுந்து செருப்பைத் தேடினார். அப்போதுதான் காலிலேயே இருப்பதைப் பார்த்தார்.

போன் மறுபடி அசைந்தது.

வாஹித். நீளமான மடலாக இருக்கும் என்று சவரிராயன் தயாராகிக்கொண்டார். ஒரே வரிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

‘எண் எத்தனை அடி தூரத்தில் இருந்து தெரிய வேண்டும்?’

சவரிராயன் சுவரோரம் போய் நின்றார். கண்ணை மூடித் தன் மேசையையும் பெட்டியையும் நினைத்துக்கொண்டு, மில்லுக்குள் அடி மேல் அடி வைத்து நடந்தார். மரத்தடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வந்து உட்கார்ந்து எழுதினார்.

‘பன்னிரண்டு அடி.’

அனுப்பப் போன விரல் நின்றது. அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

‘எனக்குப் பன்னிரண்டு அடி. மற்றவர்களையும் கேளுங்கள்.’